ஒன்பது மாதம் எந்த நாளில் முடிந்தது

ஹெர்ன்ஸ்வில், பென்சில்வேனியா
1887 ஜனவரி 12

மதிப்பிற்குரிய திரு. ரூபன் ஸ்வோயர் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் எஸ்ரா லாண்டிஸின் மனைவி கெசையா. உள்நாட்டுப் போரில் உங்கள் படைப்பிரிவான கம்பெனிக்கு சார்ஜெண்டாக இருந்து பெயர்ப் பதிவேட்டை வைத்திருந்தாரே, அவர்தான். போன நவம்பரில் நுரையீரல் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

நான்கு வருடங்களாக அவர் உங்கள் ரெஜிமெண்டின் வரலாற்றை எழுதிவந்தார். ஒன்பது மாதத்துக்கென்று மனமுவந்து சேர்ந்த ஆட்களின் ரெஜிமெண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் அதிகம் என்று ஊரில் கேலி செய்தார்கள். செப்டம்பரில் பழைய வீரர்கள் ஒன்றுகூடும்போது புத்தகம் கையில் இருக்க வேண்டுமாம். முடித்துத் தரும்படி அவர்களுடைய சங்கத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். படியெடுத்தவள் நான் என்பதால் எந்தக் கோவேறு கழுதை எந்தச் சேற்றில் புதைந்தது என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

சிக்கல் இதுதான். 1863 மே முதல் தேதி மாலை ஆறு மணிக்குப் புத்தகம் நின்றுவிடுகிறது. ஆற்றின் வடகரையில் உங்கள் கம்பெனி வரிசையாக நிற்கிறது. "அப்போது ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்டான்" என்று எழுதியிருக்கிறார். கேள்வி இல்லை. பதிலும் இல்லை. அதன்பிறகு ஒன்றரை வருடம் ஒரு வரிகூட எழுதாமல் பென்சில் சீவிக்கொண்டே இருந்தார். கண் வலி என்றார். நானும் நம்பினேன்.

மே மூன்றாம் தேதிச் சண்டையைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சாப்பாட்டு வேளை தாண்டியும் பேசுகிறார்கள். மே இரண்டாம் தேதியைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது. இன்னொன்று: கம்பெனி ஆட்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏதோ ஒன்று இருக்கிறது. இறந்தார், காயம், மே 16இல் விடுவிக்கப்பட்டார் என்று. உங்கள் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. எஸ்ரா கோழிக்கூண்டுக்குக்கூடக் கணக்கு எழுதி வைப்பவர். அவர் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மாலை யார், என்ன கேட்டார்கள்? உங்களுக்குத் தெரியுமா? பனிக்கால முகாமைப் பற்றிய இரண்டு பக்கங்களை உடன் அனுப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

மரியாதையுடன்,
கெசையா லாண்டிஸ்

*

லூப் ஆற்றங்கரை, நெப்ராஸ்கா
பிப்ரவரி 3

லாண்டிஸ் அம்மாவுக்கு,

உங்கள் கணவர் இறந்ததற்கு வருந்துகிறேன். நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெற்றிடமும் இருக்காது.

ஆனால் அந்தப் பனிக்கால முகாம் பக்கத்தில் தப்பு இருக்கிறது. எங்கள் குடிசைக்குப் புகைபோக்கியாக வைத்தது இரண்டு பன்றிக்கறிப் பீப்பாய், மூன்றில்லை. அது தீப்பிடித்தது சோம்பேறித்தனத்தால் என்று எழுதியிருக்கிறது. அதுவும் தப்பு. ஜோனஸ் ஆப்பிளைக் கூழாக்கி ஆப்பிள் வெண்ணெய் காய்ச்சப் பார்த்தான். ஊரில் அம்மா எப்படிக் கிண்டுவார் என்று எல்லோருக்கும் செய்து காட்டுகிறேன் என்று துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடினான். யாரும் அடுப்பைப் பார்க்கவில்லை. கேப்டன் ஓடி வந்து, "யாருடா இது?" என்று கேட்டபோது ஜோனஸ், "சமையல் நடக்குது சார், கூரைதான் மொதல்ல வெந்துடுச்சு" என்றான்.

இதையாவது சரியாகப் போடுங்கள்.

ர. ஸ்வோயர்

*

ஹெர்ன்ஸ்வில்
பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய திரு. ஸ்வோயர்,

இரண்டு பீப்பாய் என்று திருத்திவிட்டேன். கூரையும் சேர்த்தாகிவிட்டது. சங்கத் தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு இது வரலாற்றுக்குப் பொருந்தாது என்றார். பொருந்தும் என்றேன்.

ஜோனஸ் ஸ்வோயர் என்ற பெயரை நான் எங்கள் தேவாலயச் சுவரில்தான் பார்த்திருக்கிறேன். மே மூன்றாம் தேதி இறந்த ஒன்பது பேரில் ஐந்தாவது பெயர். அவர் உங்கள் தம்பியா? ஞாயிறுதோறும் எனக்கு நேர் எதிரே இருக்கும் பெயர் அது. அவருக்கு ஆடத் தெரியும் என்பதை நெப்ராஸ்காவிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்தது 1866இல், கல்யாணமாகி. அதற்கு முன் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்வதை யாரும் அவசியமாகவும் நினைத்ததில்லை.

அவர் எப்படி இருப்பார்? உயரமா? ஒன்பது மாதமும் இருவரும் ஒரே குடிசையிலா இருந்தீர்கள்? அப்படியானால் மூன்றாம் தேதி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

உங்களுக்கு ஒளித்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். சங்கத்தார் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பே படையை விட்டுச் சென்றவர்களின் பெயரைத் தனிப் பக்கத்தில் போட வேண்டுமாம். உங்கள் கம்பெனிக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான், அது உங்களுடையது. ஊரில் உங்களைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு சொல்தான் கிடைக்கிறது, அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் எஸ்ரா அந்தச் சொல்லை எழுதவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுதுவது சுலபம். ஏன் எழுதவில்லை?

கெசையா லாண்டிஸ்

*

லூப் ஆற்றங்கரை
மார்ச் 9

லாண்டிஸ் அம்மாவுக்கு,

தனிப் பக்கமாம். போடட்டும். பெரிய எழுத்தாகப் போடச் சொல்லுங்கள், சங்கத் தலைவருக்குப் பார்வை மங்கியிருக்கும்.

எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் மகள் லோயிஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். அவள்தான் என் கடிதங்களில் எழுத்துப் பிழை பார்ப்பாள். இதை அவளுக்குக் காட்டவில்லை.

ஓடிப்போகிறவன் கையில் கேப்டன் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்குமா? முகாமை விட்டு வெளியேறும் இடத்தில் காவல், படகுத்துறையில் காவல், வாஷிங்டனில் ரயிலடியில் காவல். மூன்று இடத்திலும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகுதான் யாரும் கேட்கவில்லை. காட்டச் சொல்லி ஒருவன் கேட்டிருந்தால் போதும். கேட்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் பார்த்தேன். பிறகு வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

ஏப்ரல் மாதம் முழுக்க முகாமில் ஒரே பேச்சுதான் நடந்தது. நாங்கள் நீதிமன்ற வாசலில் மேசை போட்டுக் கையெழுத்திட்டது ஆகஸ்ட் முதல் தேதி. ஹாரிஸ்பர்கில் ரெஜிமெண்ட் முழுவதும் ஒன்றாகச் சத்தியம் செய்தது ஆகஸ்ட் பதினான்கு. ஒன்பது மாதம் எந்த நாளிலிருந்து? மே முதல் தேதியோடு முடிகிறதா, பதினான்கோடா? பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. குச்சியில் கீறி நாள் எண்ணியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். எந்த நாள் என்று எழுதியிருந்த பதிவேடு ஒரே ஒரு ஆளின் தோல்பைக்குள் இருந்தது. பை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் என்னைக் கேட்பதை உங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். இருபது வருடம் பக்கத்தில்தானே இருந்தார்.

இனி எழுத வேண்டாம்.

ர. ஸ்வோயர்

*

ஹெர்ன்ஸ்வில்
ஏப்ரல் 4

திரு. ஸ்வோயர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஹாரிஸ்பர்குக்குப் போயிருந்தேன். ஆவண அலுவலகத்தில் மூலப் பதிவேடுகளை மரப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த எழுத்தர் பெட்டியைத் திறந்துகொண்டே, "இதுவரைக்கும் பென்ஷன் கேட்டுத்தாம்மா வருவாங்க. தேதிய மட்டும் பாக்கணும்னு யாரும் வந்ததில்ல" என்றார். "எனக்குத் தேதி மட்டும் போதும்" என்றேன். கருணையுள்ள மனிதர், தேநீர்கூடக் கொடுத்தார்.

உங்கள் கம்பெனியின் தாளில் தலைப்பிலேயே தெளிவாக இருக்கிறது. சேவை தொடங்கிய நாள்: ஆகஸ்ட் 1, 1862. மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு நாட்கள். கடைசிக் கம்பெனிக்கு ஆகஸ்ட் பதினான்கு. ஆக, மே முதல் தேதி மாலை நீங்கள் வரிசையில் நின்றபோது உங்கள் ஒன்பது மாதம் முடிந்திருந்தது. நீங்கள் போனதில் குற்றமில்லை. அந்தக் கம்பெனியில் இருந்த அத்தனை பேருக்கும் போக உரிமை இருந்தது. இறந்த ஒன்பது பேருக்கும்.

வீட்டுக்கு வந்து எஸ்ராவின் தோல்பையைத் திறந்தேன். கம்பெனியிடம் இருந்த நகல் அதில் இருக்கிறது. அதில் "1" என்பதற்குப் பக்கத்தில் ஒரு "4" இருக்கிறது. மை வேறு. ஆனால் அந்த நான்கின் வால் எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் பிறந்த நாட்களை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிய கை அது.

வீட்டிலேயே கேட்டிருக்கலாம் என்றீர்கள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த ஊரில் யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காதவள் நான். பென்சிலைச் சீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் "என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் என்ன? கண் வலி என்றார், நானும் விட்டுவிட்டேன். ஒருவேளை எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லாத ஒரே விஷயம் அதுவாக இருந்திருக்கலாம்.

இப்போது விரும்புகிறேன். அந்த மாலை கேட்டது நீங்கள்தானா? அவர் என்ன சொன்னார்? என்னை மனதில் வைத்து எதையும் மழுப்ப வேண்டாம்.

கெசையா லாண்டிஸ்

*

லூப் ஆற்றங்கரை
ஏப்ரல் 24

லாண்டிஸ் அம்மாவுக்கு,

மக்காச்சோளம் விதைக்கும் நேரம். ஆனாலும் இரண்டு நாளாக மேசையில்தான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கண்டதும் அடுப்பில் போட எழுந்தேன். அந்த நான்கின் வாலைப் பற்றிப் படித்த பிறகு போட முடியவில்லை. இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டது நான்தான். எல்லோர் முன்னாலும் சத்தமாக, "சார்ஜெண்ட், புஸ்தகத்துல என்ன தேதி போட்டிருக்கு? ஒண்ணா, பதினாலா?" என்றேன். எஸ்ரா பையைத் திறந்தான். (மன்னியுங்கள், அப்போது எங்களுக்குள் அவன் இவன்தான்.) காகிதத்தைப் பார்த்தான். "பதினாலு" என்றான். யாரோ முணுமுணுத்தார்கள், யாரோ சிரித்தார்கள், அதோடு முடிந்தது. எஸ்ரா பொய் சொல்லுவான் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. முகாமில் சர்க்கரையைப் பங்கு வைக்க அவனிடம்தான் கொடுப்போம்.

ஆனால் பதில் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. அது என்னை உறுத்தியது. கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டும் இடத்துக்கு அவன் பின்னாலேயே போனேன்.

"எஸ்ரா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன்.

வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கர்னல் சொல்லிட்டாருடா. நம்ம கம்பெனி தேதிய வாயத் தொறந்து சொல்லக் கூடாதாம். பதினாலாம் தேதி எல்லாரும் ஒண்ணா போகலாம்னு."

"அப்போ ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"சொல்லு. சொன்னா எழுபது பேரு மூட்டை கட்டுவாங்க. நாளைக்கு ஆத்தக் கடந்தா நமக்கு ரெண்டு பக்கமும் நிக்கிறவங்களுக்கு நடுவுல பெரிய ஓட்டை விழும். அவங்களுக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு. அவங்க எங்க போவாங்க?"

அவன் சொன்னதில் தப்பு என்ன என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த ஜனவரியில் லோயிஸ் பிறந்திருந்தாள். நான் இன்னும் அவளைப் பார்த்திருக்கவில்லை. அது எஸ்ராவுக்குத் தெரியும். அவனே சொன்னான்: "உனக்கு மட்டும் எழுதித் தரேன். கேப்டன் நான் நீட்டுற எல்லாத்துலயும் படிக்காமக் கையெழுத்துப் போடுவாரு. புள்ளைய போய்ப் பாரு. ஆனா வாயத் தொறக்காமப் போகணும்."

நான் கேட்டேன், "ஜோனஸுக்கும் சேத்து எழுது."

"ரெண்டு ஸ்வோயரும் ஒரே நாள்ல காணோம்னா மோப்பம் புடிச்சிருவாங்க ரூபன். ஒண்ணுதான் முடியும்."

ஒன்று என்றான். வாங்கிக்கொண்டேன்.

காலையில் ஜோனஸ் காய்ந்த ரொட்டியைப் பன்றிக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தான். முழங்கால் வீங்கியிருக்கிறது, மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். என் தம்பி, அவனிடம் பொய் சொன்னேன். அவன் என் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போய்ட்டு வா. வீட்டுக்குக் கடிதாசி போட்டா, பாப்பாக்கு இப்படி ஒரு சித்தப்பா இருக்கான், எல்லாப் பல்லும் இருக்குன்னு எழுது" என்றான். பொரித்ததில் பாதியைத் துணியில் கட்டிக் கொடுத்தான். அதை நான் படகுத்துறை போகும் வழியிலேயே தின்றுவிட்டேன். பசித்தது. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, பசித்தது என்பது.

எட்டாம் தேதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். லோயிஸ் என்னைக் கண்டு வீறிட்டு அழுதாள், மூன்று நாள் என்னிடம் வரவில்லை. நான்காவது நாள் வந்தாள். அன்று மதியம் செய்தித்தாளில் இறந்தவர்களின் பட்டியல் வந்தது.

அந்தக் காகிதம் இத்துடன் இருக்கிறது. காட்டியிருந்தால் ஊர் என்னை அப்படிச் சொல்லியிருக்காது. ஆனால் காட்டினால் அடுத்த கேள்வி வருமே: உனக்குத் தெரியும், உன் தம்பிக்கு ஏன் சொல்லவில்லை? என் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பதைவிட, ஓடிவந்தவன் என்று ஊர் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உங்கள் கணவர் எழுபது பேரிடம் பொய் சொன்னார். நான் ஒருவனிடம்தான் சொன்னேன். எது பெரியது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ரூபன் ஸ்வோயர்

*

ஹெர்ன்ஸ்வில்
ஜூன் 6

அன்புள்ள ரூபன் ஸ்வோயர்,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரம் எஸ்ராவின் நாற்காலியைப் பார்க்கவே எனக்குக் கோபமாக இருந்தது. அதை மாடிக்குத் தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் கீழே இறக்கினேன். பிறகு ஒரு கேள்வி தோன்றியது, அது என்னை விடவில்லை. மே இரண்டாம் தேதி காலை நீங்கள் போய்விட்டீர்கள். சண்டை மூன்றாம் தேதி காலையில். நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாள் எஸ்ரா என்ன செய்தார்?

ஜோனஸுக்குப் பக்கத்தில் நின்றது யார் என்று பதிவேட்டில் பார்த்தேன். ஒபதியா கெர்ன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது சந்தைத் தெருவில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். அந்தச் சண்டையில் பீரங்கிச் சத்தத்தில் காது போனது. ஆகவே நான் கேட்டதைத் தெருவே கேட்டது. கடையில் ஏழு பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள்.

"ஜோனஸ் ஸ்வோயர் செத்த அன்னிக்குக் காலைல எஸ்ரா அவர்கிட்ட வந்தாரா?" என்று கத்தினேன்.

கெர்ன் கத்தியைக் கீழே வைத்தார். "வந்தான்" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"நீ வீட்டுக்குப் போன்னு சொன்னான்."

அதன்பிறகு அவரை நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னதை அங்கேயே கறி சுற்றும் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அப்படியே தருகிறேன்:

"விடிஞ்சும் விடியாத நேரம். நானும் ஜோனஸும் காப்பி காய்ச்சிட்டிருந்தோம். எஸ்ரா வந்து குந்துனான். கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. 'ஜோனஸ், உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகல. வீட்டுக்குப் போயிட்டான். நம்ம நாள் முந்தாநாளே முடிஞ்சிருச்சு. நான் பொய் சொன்னேன். நீயும் போ, இப்பவே எழுதித் தரேன்'னான். ஜோனஸ் சிரிச்சான். 'அவன் முழங்காலுக்கு ஒண்ணுமில்லன்னு நேத்தே தெரியும். ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போனானே, நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்'னான். எஸ்ரா காகிதத்த எடுத்தான். ஜோனஸ் வேணாம்னுட்டான். 'நேத்தே சொல்லியிருந்தா போயிருப்பேன் எஸ்ரா. இப்போ ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்தாச்சு. நான் போனா இந்தக் கெர்னுக்குப் பக்கத்துல யாரு நிப்பா?' அப்புறம் சொன்னான், 'எங்கண்ணனுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. தெரிஞ்சா பாதி வழியில திரும்பி மூச்சு வாங்க ஓடியாந்துருவான். அவன் பாப்பாவப் பாக்கட்டும்.' அவ்வளவுதான். காப்பி கொதிச்சுச்சு. அப்புறம் சுட ஆரம்பிச்சிட்டாங்க."

"உங்களுக்கும் அப்போ தெரிஞ்சுபோச்சே, நீங்க ஏன் போகல?" என்று கேட்டேன்.

யோசித்தார். "காப்பி கொதிச்சிட்டிருந்துச்சும்மா" என்றார்.

இத்தனை வருடம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். கூடை வைத்திருந்த பெண்கள் யாரும் கறி வாங்காமல் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சங்கத்தார் கூடினார்கள். உங்கள் காகிதத்தையும் ஹாரிஸ்பர்க் தாளின் நகலையும் மேசையில் வைத்தேன். தலைவர், "பதினாலுன்னே போட்டுருவோம் கெசையா. செத்தவங்க வீட்ல இன்னும் ஆளுங்க இருக்காங்க. எஸ்ரா பேரும் கெட்டுடும்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பதினான்கு என்று போடுவதானால் மிச்சத்தை எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். கெர்ன் வந்திருந்தார். பேச்சில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. எழுந்து நின்று, "ஜோனஸ் தெரிஞ்சுதான் நின்னான். அத எடுத்துட்டா அவன் எதுக்கு நின்னான்னு ஆகும்?" என்று கேட்டார். தலைவர் பதினான்கை விட்டுக்கொடுத்தார். தனிப் பக்கம் ரத்தாகிவிட்டது.

எஸ்ராவின் பொய்யை எழுதப் போகிறேன். மூன்றாம் தேதி விடியலில் அவர் போய்க் குந்தியதையும் எழுதப் போகிறேன். இரண்டையும் ஒரே பக்கத்தில். மற்ற அறுபத்தொன்பது பேரிடம் அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. நேரம் இல்லாமல் போனதா, துணிவு இல்லாமல் போனதா? தெரியாது என்றே எழுதுவேன்.

ஆனால் ஒன்றுமட்டும் எனக்குப் புரியவில்லை. ஜோனஸ் தெரியக் கூடாது என்றது அன்றைக்குத்தானே? அதன்பிறகு எஸ்ரா உங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை?

உங்கள் பெயருக்கு எதிரே என்ன போடட்டும்?

கெசையா

*

லூப் ஆற்றங்கரை
ஜூலை 2

அன்புள்ள கெசையா அம்மா,

உங்கள் கடிதத்தை லோயிஸ்தான் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். என் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னேன். அது உடையவில்லை. இதுவரை அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. "அவன் பாப்பாவப் பாக்கட்டும்" என்ற இடத்தில் நிறுத்தினாள். "அந்தப் பாப்பா நானாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். படித்தாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. எஸ்ரா தெரிவிக்கப் பார்த்தார். மூன்று கடிதம் போட்டார். ஒன்று நாங்கள் இங்கே வந்த அடுத்த வருடம். ஒன்று வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்ற வருடம். கடைசிக் கடிதம் இரண்டு வருடத்துக்கு முன்னால், வசந்த காலத்தில் வந்தது. நல்ல கனமாக இருந்தது. உறையில் கையெழுத்தைப் பார்த்ததுமே மூன்றையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது என்று ஆத்திரம். அந்தக் கனமான கடிதத்துக்குப் பதில் வராததால்தான் அவர் எழுதுவதை நிறுத்தியிருப்பார். நாளை எண்ணிப் பார்த்தேன், நீங்கள் சொல்லும் ஒன்றரை வருடத்துக்குச் சரியாக வருகிறது. உங்கள் புத்தகத்தை மாலை ஆறு மணிக்கு நிறுத்தியது நான்தான். அதையும் போட வேண்டுமென்றால் போடுங்கள்.

என் பெயருக்கு எதிரே "விடுவிக்கப்பட்டார்" என்று போடாதீர்கள். காகிதம் அப்படித்தான் சொல்கிறது, ஆனாலும் வேண்டாம். "மே 2 காலையில் வீட்டுக்குப் போனார்" என்று போடுங்கள். அது சரியாக இருக்கும். தம்பி பெயருக்கு நீங்களே பார்த்து எழுதுங்கள், உங்களுக்கு எழுத வருகிறது.

அறுவடைக்கு முன் இரண்டு வாரம் ஓய்வு கிடைக்கும். செப்டம்பரில் வரலாம் என்றிருக்கிறேன். லோயிஸும் வருகிறாள். சங்கத்து வரிசையில் நிற்க வரவில்லை. அதற்கு அவர்கள் அழைக்கட்டும், பிறகு யோசிப்பேன். எனக்குக் கெர்னைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டிருக்கிறேன், உங்களைப் போல. அன்றைக்குக் காப்பியை அவன் குடித்தானா? குடிப்பதற்குள் சுட ஆரம்பித்துவிட்டார்களா? பிறகும் ஏதாவது கேலி பேசினானா? எவ்வளவு நேரம் நின்றான்? ஆட்டுக்குட்டி மாதிரி என்றானே, அதைச் சொல்லும்போது நிஜமாகவே சிரித்தானா?

கெர்னிடம் கத்திக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். கத்துகிறேன். தெரு முழுக்கக் கேட்டால் கேட்கட்டும்.

ரூபன் ஸ்வோயர்